சுண்ணாம்புக் கோடு

என் கணவரைக் கொன்றவனின் பெயர் திரையில் வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பதினோரு நாள் அழுது ஓய்ந்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல ஒரு பெயர் கிடைத்தது. வேம்புராஜ்.

வேம்பு யாரோ எவனோ இல்லை. உப்பளத் திடல் கபடி அணியில் ஏழு வருடம் என் கணவர் இசக்கிதுரையோடு கை கோத்து ஆடியவன். எங்கள் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். துரையை அண்ணன் என்றும் என்னை மைனி என்றும் கூப்பிடுகிறவன். அதனாலேயே எனக்கு வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது.

துரை செத்த விதத்தைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். மாவட்ட இறுதிப்போட்டியில் பாடிப்போனவரை நாலு பேர் அமுக்கியதில் முழங்கால் தரையில் தேய்ந்தது. காயம் ஒரு ஒட்டுப்பொட்டு அகலம்கூட இருக்காது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் நாள் கால் வீங்கியது. ஐந்தாம் நாள் காய்ச்சல். ஒன்பதாம் நாள் ரத்தமெல்லாம் பரவிவிட்டது என்றார்கள். ஊசி மாற்றி ஊசி போட்டுப் பார்த்தார்கள், எதுவும் கேட்கவில்லை. மருந்துக்கு அடங்காத, ஸ்டாஃப் என்ற ஒரு கிருமியாம். முப்பத்தொரு வயது. ரயில்வே வேலைக்கான உத்தரவு அவர் செத்துப் பதினாறாம் நாள் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

முன்பெல்லாம் இப்படி ஒருவர் போனால் தலையெழுத்து என்று சொல்லிவிட்டு ஆகவேண்டியதைப் பார்ப்பார்கள். இப்போது அப்படி இல்லை. மாவட்டத்துக்கு ஒரு வழித்தடக் கருவி இருக்கிறது. கிருமியின் வம்சாவளியைப் படித்து, அது எந்த உடம்பிலிருந்து எந்த உடம்புக்குப் போனது என்று சொல்லிவிடும். எங்கள் மாவட்ட ஆய்வகத்தில் அதைப் பார்த்துக்கொண்டது டாக்டர் மீராள். காயல்பட்டினத்துக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பேசுவார்.

"ஒரு கடுதாசிய பத்துப் பேரு பாத்துப் பாத்து எழுதினா என்னம்மா ஆகும்? மொத ஆளு விட்ட பிழை அடுத்த ஆளுட்டயும் இருக்கும். அவரு புதுசா ஒண்ணு சேப்பாரு. கிருமியும் பெருகும்போது அப்பிடித்தான் பிழை விடும். அந்தப் பிழைகள வச்சுத்தான் கருவி தடம் பிடிக்கும். உங்க வீட்டுக்காரர் ரத்தத்துல இருந்த கிருமியும் வேம்புராஜ் முட்டியில வந்த கட்டியில இருந்ததும் ஒட்டுனாப்பல இருக்கு."

"அப்ப அவன்தான்."

"இருங்க. படிவத்துல ஒரு கேள்வி இருக்கு. அரையிறுதிக்கு முந்தி உங்க வீட்டுக்காரருக்குத் தொற்று எதுவும் இருந்துச்சா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பார்கவி."

"இல்லவே இல்ல டாக்டர். இரும்பு மாதிரி இருந்தாவ."

அவர் விசையைத் தட்டினார். இரண்டு வட்டங்களுக்கு நடுவில் ஒரு அம்பு விழுந்தது. அதன் வால் பக்கம் வேம்புவின் பெயர்.

எனக்கு அம்பு தேவையே இல்லை, நடந்தது முழுக்க என் கண் முன்னால் நடந்தது. அணிக்கு ஒரு நீல முழங்கால் கேப் உண்டு. ராசி கேப் என்பார்கள். எவன் நல்ல ஃபார்மில் இருக்கிறானோ அவன் முட்டியில்தான் அது இருக்கும். சீசன் முடிகிறவரை அதைத் துவைக்கக் கூடாது, துவைத்தால் ராசி போய்விடும். லீக் ஆட்டங்களில் துரை போட்டிருந்தார். அரையிறுதிக்கு வேம்புவிடம் போனது, அவன் பதினாலு புள்ளி எடுத்தான். நாலாம் நாள் அவன் முட்டியில் கட்டி புறப்பட்டது. அதைச் சொன்னால் பயிற்சியாளர் உட்கார வைத்துவிடுவார் என்று பேன்ட் போட்டு மறைத்துக்கொண்டு திரிந்தான். இறுதிப்போட்டி அன்று, "இன்னைக்கு உங்க நாளுண்ணே" என்று சொல்லி அந்தக் கேப்பைத் தன் கையாலேயே துரைக்கு மாட்டிவிட்டான். தெரிந்தே மாட்டிவிட்டான்.

தொற்றுப் பொறுப்புச் சட்டத்தின்படி வேம்புவின் சுகாதார அட்டை சிவப்பானது. அவனுடையது மட்டுமல்ல, வீட்டில் எல்லாருடையதும். சிவப்பு அட்டைக்காரன் பஸ்ஸில் ஏறக்கூடாது, சந்தைக்குப் போகக்கூடாது, பிள்ளை பள்ளிக்கூடம் போகக்கூடாது, ஆஸ்பத்திரியில்கூடத் தனி வார்டுதான். உடம்பு சுத்தம் என்று மூன்று பரிசோதனையில் வந்தாலும் சிவப்பு தானாகப் போகாது. யாருக்குக் கேடு செய்தானோ அந்தக் குடும்பம் கையெழுத்துப் போடவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து கேட்கலாம். ஜனங்கள் கொதித்துப் போயிருந்த ஒரு வருடத்தில் அவசரமாக எழுதிய சட்டம் அது. எனக்கு அது அமிர்தமாக இருந்தது.

முதல் தடவை அவன் வந்த அன்று காலையில், துரை திடலில் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புப் பொடி மூட்டையைப் பிரித்தேன். கேட்டிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரு கோடு போட்டேன். 

"கோட்டுக்கு அங்கிட்டே நில்லு."

நின்றான். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், ஆட்டோவில் யாரும் ஏறுவதில்லை என்று ஆளே பாதியாகியிருந்தான். பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"மைனி, எனக்குத் தெரியாது மைனி. சின்னக் கட்டின்னு நெனச்சேன். அண்ணனுக்குக் கெடுதல் நெனப்பனா நான்?"

"ஆறு மாசம் கழிச்சு வா."

"மூணு டெஸ்ட்டும் சுத்தம்னு வந்துட்டு. பிள்ள பள்ளிக்கூடம் போகாம கெடக்கா."

"ஆறு மாசம்னு சொன்னேன்."

அவன் போன பிறகு துரையின் படத்துக்கு முன்னால் நின்று, பார்த்தீர்களா என்று கேட்டேன். அன்று வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

இரண்டாவது தடவை பிள்ளையையும் ஆட்டோவில் கூட்டிவந்திருந்தான். இலக்கியா என்று பெயர், பதினொரு வயது. பின் இருக்கையில் வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் பழுத்த பப்பாளி மாதிரி வீங்கியிருந்தது.

"நான் சுத்தமாகுறதுக்கு முந்தியே ஏங்கிட்ட இருந்து ஒட்டியிருக்கு மைனி. ஒரே துண்டு, ஒரே பாய். தனி வார்டுல எடமில்ல, பத்து நாள் ஆகும்ங்காவ. நீங்க போட்டா நாளைக்கே பொது வார்டுல சேத்துருவாவ. எலும்புக்குப் போயிரும்னு பயமா இருக்கு." அவன் கோட்டுக்கு அந்தப்பக்கம் மண்டியிட்டான். "என்ன எவ்வளவு வேணாலும் ஏசுங்க. இவளுக்காகப் போடுங்க."

இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் அன்று என்ன நினைத்தேன் என்பதை மாற்றிச் சொல்லமாட்டேன். துரைக்கும் கால்தான் வீங்கியது, அப்போது நானும்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் மண்டியிட்டேன், இவனும் ஒன்பது நாள் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த சுண்ணாம்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு மாசம் கழிச்சு வா."

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள் என்றும், நடை கொஞ்சம் இழுக்கிறது என்றும் உப்புப் பொட்டலக் கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினார்கள். நான் பொட்டலத்தை ஒட்டிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது தடவை வேம்பு என் வீட்டுக்கு வரவில்லை. மேல்முறையீடு செய்திருந்தான். டாக்டர் மீராள் போனில் கூப்பிட்டார்.

"கருவிய இப்பப் புதுசா மாத்தியிருக்கோம் பார்கவி. பழைய துணியில செத்துக் கெடக்க கிருமியக்கூட படிச்சிரும். உங்க வீட்டுக்காரர் அந்த நேரத்துல போட்ட உடுப்பு, துண்டு ஏதாவது வச்சிருக்கீங்களா? இருந்தா வழக்கு இன்னும் தெளிவாயிரும்."

என்னிடமா இல்லை? ராசி கேப்பே என் பீரோவில் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவர் பையிலிருந்து எடுத்து, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். அவர் வாசனை போய்விடும் என்று ஒருமுறைகூடப் பிரித்ததில்லை. இன்று இதைக் கொண்டு போய்க் கொடுத்தால் வேம்பு ஆயுசுக்கும் சிவப்புதான் என்று கணக்குப் போட்டேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். 

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். டாக்டர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பேச்சைப் பதிவு செய்யும் கருவியை மேஜைமேல் வைத்தார். மேல்முறையீடு என்றால் அப்படித்தானாம்.

"பார்கவி, ஒரு விஷயம் இடிக்கி. கேப்போட உள்மடிப்புல இருக்க கிருமி வேம்புராஜ் உடம்புல இருந்தத விட மூத்தது. அவருட்ட இருக்க ரெண்டு பிழை இதுல இல்ல. அதனால அவருட்ட இருந்து இதுக்கு வந்திருக்க முடியாது. இதுல இருந்துதான் அவருக்குப் போயிருக்கணும். வேம்புராஜுக்கு முந்தி இத யாரு போட்டிருந்தா?"

"துரைதான். லீக் ஆட்டம் பூராவும் அவிய முட்டியிலதான் கெடந்துச்சு."

"அப்ப அவருக்குப் புண்ணு எதுவும்..."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அப்பவே கேட்டிய, அப்பவே சொன்னேன். அவியளுக்கு ஒரு நோயும் கெடையாது. அரையிறுதிக்கு மூணு வாரம் முந்தி தொடையில ஒரு சூட்டுக் கட்டி வந்துச்சு, அவ்வளவுதான். உப்பளத்து வெயில்ல நின்னா வராம என்ன செய்யும்? அது ஒரு நோயா டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"எந்த எடத்துல?"

தொட்டுக் காட்டினேன். முட்டிக்கு மேலே, கேப்பின் மேல்விளிம்பு இறுக்குகிற இடம்.

"என்ன செஞ்சீங்க?"

அதையும் பெருமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்க வைத்தேன். இளநீர், நுங்கு, வெந்தயம் கொடுத்தேன். மஞ்சள் பத்துப் போட்டுப் பழுக்க வைத்தேன். பழுத்ததும் நானே இரண்டு கட்டைவிரலாலும் பிதுக்கி, சீழை எடுத்து, அவர் துண்டால் துடைத்தேன். மெடிக்கல் கடையில் சொல்லி இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வலி விட்டதும் மீதியைப் போடவில்லை. மறுநாளே கேப்பை மாட்டிக்கொண்டு ஆடப் போய்விட்டார். சொல்லிக்கொண்டே வரும்போது என் குரல் எனக்கே சின்னதாகிக்கொண்டு வந்தது.

"சூட்டுக் கட்டின்னு நாம சொல்லுறதுல முக்காவாசி இந்த ஸ்டாஃப்தான்ம்மா," என்றார் டாக்டர் மெதுவாக. "எங்க உம்மாவும் உடம்புச் சூடுன்னுதான் சொல்லுவாவ. இது சும்மாவே எத்தனையோ பேரு மூக்குல, தோலுல குடியிருக்கும், ஒண்ணும் செய்யாது. தோலு உரிஞ்சாத்தான் அதுக்குக் கதவு தெறந்த மாதிரி. காத்துல பறந்து வராது. கை, துண்டு, ரேசர், இந்த மாதிரித் துவைக்காத கேப்பு, இதுகள்லதான் போகும். நீங்க கொடுத்த மாத்திரையில எளைச்ச கிருமி செத்திருக்கும். அடங்காதது தங்கி, எடம் கெடைச்சதுன்னு பெருகியிருக்கும். கேப்புல ஏறி வேம்புராஜுக்குப் போயிருக்கு. உங்க வீட்டுக்காரர் தோலுலயும் அது இருந்துட்டேதான் இருந்திருக்கு. இறுதிப்போட்டியில கதவு தெறந்துச்சு."

"நீங்க தொற்றுன்னு கேட்டிய. கட்டின்னு கேட்டிருக்கணும்!" என்று கத்தினேன்.

"ஆமா. கேட்டிருக்கணும். படிவத்துல தொற்றுன்னுதான் அச்சடிச்சிருக்கு, நானும் அப்பிடியே வாசிச்சிட்டேன். ரெண்டு பேரு கிருமியும் சொந்தம்னு கருவி சொல்லும். யாரு மூத்ததுன்னு அப்ப அதுக்குச் சொல்லத் தெரியாது. அம்பு எந்தப் பக்கம்னு உங்க பதில வச்சுத்தான் போட்டோம்."

"இத எழுதாதீங்க டாக்டர்."

அவர் மேஜைமேல் ஓடிக்கொண்டிருந்த கருவியைப் பார்த்தார். அதன் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரையாவது அடிக்கவேண்டும் போல இருந்தது எனக்கு. டாக்டரை, படிவம் அடித்தவனை, மெடிக்கல் கடைக்காரனை. இரண்டு வருடம் நான் ஊட்டி ஊட்டி வளர்த்த கோபம், அதைக் கொண்டுபோய் இறக்கி வைக்க ஒரு ஆள் இல்லாமல் போனது. துரையை வெறுக்க முடியுமா? என் கட்டைவிரல்களைப் பார்த்தேன்.

போகும்போது என் மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தார்கள். அதே கிருமி அங்கேயும் இருந்தது. அன்று கையில் பட்டது மூக்குக்குப் போய், இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் கொடுக்காமல் என்னோடு குடியிருந்திருக்கிறது. கேடு செய்தவர் இறந்திருந்தால், அதே கிருமி உள்ள குடும்பத்தார் பொறுப்பு என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் முன்பு படித்ததில்லை. 

புதன்கிழமை வேம்பு வீட்டு அட்டைகள் பச்சையாயின. வியாழக்கிழமை என் அட்டை சிவப்பானது. பஸ்ஸில் அட்டையைக் காட்டியதும் கருவி கீச்சென்று கத்தியது, கண்டக்டர் படியிலேயே நிறுத்தி இறக்கிவிட்டார். உப்புக் கூடத்து வாசலில் காவலாளி, "மன்னிச்சிருங்கக்கா" என்றார். பக்கத்து வீட்டுக்காரி கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவளிடம் போய், காற்றில் பறக்காது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். வேம்புவின் மனைவி இதையேதான் ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தாள், கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

மூக்கில் தடவும் மருந்தும் சோப்பும் கொடுத்திருந்தார்கள். ஒழுங்காகப் போட்டேன். மூன்று பரிசோதனையும் சுத்தம் என்று வந்தது. இனிக் கையெழுத்துதான் பாக்கி.

வேம்புவின் வீடு ரயில் பாதைக்கு அந்தப்பக்கம். உச்சி வெயிலில் நடந்தே போனேன். வழியெல்லாம் அவன் என்னென்ன கேட்பான், எப்படித் திட்டுவான் என்று எண்ணிக்கொண்டே போனேன். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும், அப்போதாவது அவன்மேல் ஒரு துளி பழைய கோபம் வரும் என்று ஒரு நப்பாசை.

அவன் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு ஓடிவந்தான்.

"மைனி, வெயில்ல நடந்தா வந்திய? உள்ள வாங்க."

"சிவப்பு அட்டை. வரக்கூடாது."

"காத்துல பறக்காதுன்னு டாக்டரே சொல்லியாச்சுல்லா. வாங்க சும்மா."

நான் கேட்டுக்கு உள்ளே ஓரடி வைத்து அங்கேயே நின்றேன். தாளை நீட்டினேன். அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்து, தாளை ஆட்டோவின் மேல் வைத்து, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு வார்த்தை ஏசக்கூடாதா இவன் என்று இருந்தது.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா செஞ்சாவ? எனக்கும் தெரிஞ்சா செஞ்சேன்? விடுங்க மைனி." பேனாவை மூடாமல் கொஞ்சம் தயங்கினான். "ஆனா இன்னொரு கையெழுத்தும் வேணும். பாதிக்கப்பட்டவங்க எல்லாரும் போடணும், பன்னெண்டு வயசு முடிஞ்சிருந்தா அவங்களே போடணும்னு இருக்கு. அவளுக்குப் போன மாசம்தான் முடிஞ்சுது." வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டான். "இலக்கியா, இங்க வாம்மா."

அவள் எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வந்தபோது கையில் ஒரு சிரட்டை இருந்தது. வலது காலை இழுத்து இழுத்து, அவசரப்படாமல் என் அருகே வந்தாள். குனிந்தாள். சிரட்டையிலிருந்து சுண்ணாம்புப் பொடியை எடுத்து, இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண்வரை ஒரு கோடு போட்டாள். என்னுடையதைவிட நேராக இருந்தது.

"ஏட்டி, என்ன செய்யுத நீ?" வேம்பு பதறிப்போனான். "பெரியம்மால்லா. போட்டுக் குடு. மைனி, சின்னப்பிள்ள, நீங்க ஒண்ணும்..."

"நீங்க சும்மா இருங்கப்பா."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அன்று ஆட்டோவில் பார்க்காமல் விட்டதற்கும் சேர்த்துப் பார்த்தாள். நான் என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன். மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தேனா, எனக்குத் தெரியாது என்று சொல்ல நினைத்தேனா, இப்போதும் விளங்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தில் அழுகை இல்லை. சந்தோஷம்தான் இருந்தது.

"ஆறு மாசம் கழிச்சு வாங்க, பெரியம்மா."

கீழே பார்த்தேன். என் கால் பெருவிரல் கோட்டின்மேல் இருந்தது. எடுத்துப் பின்னால் வைத்தேன்.